தரையிறங்கும் அறிவிப்பு

"சிரிக்காம சொல்லும்மா. சிரிப்பு மூஞ்சில இருக்கணும், கொரல்ல வரக்கூடாது. எங்க, மறுபடியும்."

"அன்பான பயணிகளே..."

"அவசரப்படாத. 'அன்பான'னு சொல்லிட்டு ஒரு மூச்சு உடு. கேக்குறவங்க நிமிந்து பாக்க நேரம் குடுக்கணும்ல."

"அன்பான... பயணிகளே. கலீல் ஏர்வேஸ் உங்களை வரவேற்கிறது. விருத்தாசலத்திலிருந்து விருத்தாசலத்துக்குப் போகும் இந்த விமானத்தில்... மாமா, இத சொன்னா சனங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே. சிரிக்கத்தானே எழுதிருக்குது. நீ சிரிக்காத, அவ்வளவுதான். நல்லா வருது ராசாத்தி ஒனக்கு."

அத்தா, என்னைப் பெற்றவர், ராசாத்தி என்றது என்னை இல்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம், சமையலறையில், இருபத்தெட்டுத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கயல்விழி. அத்தாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பழமலைநாதன் மாமாவின் மகள். அவளுக்கும் என் வயதுதான், பத்தொன்பது. அவள் கையில் இருந்த காகிதம் என்னுடையது. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் நான் எழுதியது.

"நீ கத படிக்கிறவ. நல்லதா நாலு வரி எழுதிக் குடு" என்று அத்தாதான் கேட்டார். நாலு வரி கேட்டவருக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஏறும்போது சொல்வது, பறக்கும்போது சொல்வது, இறங்கும்போது சொல்வது என்று தனித்தனியாக. எழுதும்போதெல்லாம் அவை என் வாயிலிருந்து வருவதாகத்தான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அத்தா பதினாலு வருஷம் துபாயில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர். நகர்ந்துகொண்டே போகும் தட்டுகளில் வெண்ணெய்ப் பொட்டலத்தை இடது மூலையிலும் கரண்டிப் பையை வலது மூலையிலும் வைப்பதில் தொடங்கி, கடைசியில் அந்த வரிசைக்கே மேஸ்திரி ஆனார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தட்டு என்று கணக்காகச் சொல்வார். ஆனால் அந்தத் தட்டைப் பிரித்து ஒருவர் சாப்பிடுவதை அவர் பார்த்தது, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும்போது மட்டும்தான். அப்போதும் பக்கத்து சீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பார்த்துத் தன் சாப்பாட்டை ஆற விட்டுவிடுவாராம்.

ஊரோடு வந்துவிட்ட பிறகு, விமானம் போலவே ஒரு சாப்பாட்டுக் கடை போட ஜங்ஷன் ரோட்டில் ஒரு பழைய முந்திரிக் குடோனை வாடகைக்குப் பிடித்தார். நீளமாக, ஒடுக்கமாக இருந்தது என்பதுதான் அதில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம். திருச்சியில் உடைத்துப் போட்ட ஆம்னி பஸ்ஸின் சீட்டுகளை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக ஏழு வரிசை போட்டார். பிளைவுட்டில் முட்டை வடிவத்தில் சன்னல் வெட்டி, பின்னால் மேகப் படம் ஒட்டி, அதற்கும் பின்னால் டியூப்லைட் வைத்தார். சீட்டுக்கு பெல்ட்டை டெய்லர் தைத்துக் கொடுத்தார். வாசலில் கலீல் ஏர்வேஸ் என்று பெயர்ப்பலகை மாட்டிய அன்றே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் வந்து குவைத்துக்கு டிக்கெட் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார். என் அண்ணன் உஸ்மான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை திறப்பு. அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், ஒத்திகை போல ஒரு விருந்து. நாங்களும், பழமலைநாதன் மாமா குடும்பமும், தச்சு வேலையும் கரண்டு வேலையும் பார்த்தவர்களின் குடும்பங்களும். இது 2007 பிப்ரவரியில்.

மைக்கை நான் கேட்காமல் இல்லை. நாலு நாளைக்கு முன்னால் கேட்டேன்.

"அத்தா, அந்த அறிவிப்ப நான் சொல்றேனே. திரைக்குப் பின்னாடி நின்னுதானே பேசணும். யாரு பாக்கப் போறா?"

"நீ உக்காந்து சாப்புடுற ஆளும்மா."

"தெனமுமா உக்காந்து சாப்புடப் போறேன்?"

"தெனமும் வேணாம். மொத நாளு. ஒன்ன சன்னலு சீட்டுல உக்கார வெச்சு, நான் அடுக்குன தட்ட நீ பிரிச்சு சாப்புடுறத நான் நின்னு பாக்கணும். ஊரான் புள்ளைங்களுக்கு எவ்வளவு அடுக்கியாச்சு. எதுக்கு இவ்வளவும்னு நெனக்கிற?"

அதற்கு மேல் எப்படிப் பேசுவது? அவர் கொடுப்பது பெரிது என்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்டது அதை இல்லை என்பதும் தெரிந்தது. 

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் போன் கிடையாது. மாதம் ஒரு கேசட் பதிந்து துபாய்க்கு அனுப்புவோம். அம்மா ஐந்து நிமிஷம் பேசிவிட்டு அழுது எழுந்துவிடுவாள். உஸ்மான் சைக்கிள் வேண்டும் என்று மட்டும் சொல்வான். மீதி நாடா முழுக்க நான்தான். பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுப் பூனை, மணிமுத்தாற்றில் வந்த தண்ணீர். சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டால் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஏதாவது வெளிநாட்டுக் கதையின் தமிழ்ப் புத்தகத்தை வாசிப்பேன். ஒரு தடவை, பனியில் வழி தெரியாமல் நிற்கும் ஒரு குதிரையின் கதை. பாதியில் நாடா முடிந்துவிட்டது. அத்தா கடிதம் எழுதினார்: ரூமில் இருக்கும் எட்டுப் பேரும் படுத்துக்கொண்டு உன் குரலைத்தான் கேட்கிறோம், அந்தக் குதிரை வீடு போய்ச் சேர்ந்ததா என்று மலையாளத்தான் தினமும் கேட்டு உயிரை எடுக்கிறான். அடுத்த மாதமே வீட்டுக்குப் போன் வந்தது. மீதிக் கதையை நான் அனுப்பவே இல்லை.

போனில், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். இப்போது நேரில், காலேஜு போனியா, போனேன். ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் எங்களுக்குள் இவ்வளவுதான் இருந்தது.

ஆனால் கயலிடம் அவர் பேசினார். அவளைப் பணிப்பெண்ணாகப் பழக்க, மூன்று வாரமாக, தினமும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. தட்டை இடது முன்கையில் எப்படித் தாங்குவது, முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி எப்படிக் குனிவது, குழந்தைக்கு முதலில் கொடுப்பதா தாய்க்கு முதலில் கொடுப்பதா. வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பிட உட்கார்ந்தால், "கயலு இன்னைக்கு என்னா பண்ணுச்சு தெரியுமா" என்றுதான் ஆரம்பிப்பார். அம்மா சிரிப்பாள். எனக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு என்ன குறை? அவளுடைய அப்பா தினமும் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வருகிறவர். செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு கொட்டகை போட்டு பீங்கானுக்கு அச்சு எடுக்கிறவர். முழங்கை வரை காய்ந்த மண்ணோடு வந்து நிற்பார். "குளிச்சிட்டு உள்ள வாப்பா, தரையெல்லாம் வெள்ளையாவுது" என்று அவள் அதட்டுவாள். அப்பாவை அதட்டலாம் என்பதே எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு அப்பா போதாதா? என்னுடையதும் அவளுக்கு எதற்கு?

பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபு தொழுகை முடிந்து எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வாசலில் உஸ்மான் நின்று பிரஸ்ஸில் அடித்த பயணச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தான். எனக்கு 3A, சன்னல் ஓரம். அம்மாவுக்கு 3B.

"மேகம் எந்தப் பக்கம் தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாப் பக்கமும் ஒரே மேகந்தான்மா. ஒரே கடையில வாங்குனது."

"நான் ப்ளேன்ல ஏறுனதே இல்லடி. தள்ளு, நான் சன்னலு ஓரம் குந்திக்கிறேன்."

அம்மாவுக்கு இடம் விட்டு நான் நடை ஓரம் உட்கார்ந்தேன். பின்னால் நாலாவது வரிசையில் பழமலைநாதன் மாமாவும் செல்வநாயகி அத்தையும். மாமா புது வேட்டியில் வந்திருந்தார், பெல்ட்டை வேட்டிக்கு மேல் போடுவதா உள்ளே போடுவதா என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தா சமையலறைக் கதவு ஓரம் நின்றார். அந்தக் கதவுக்கு விமானி அறை என்று பெயர் எழுதியிருந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் நாலு பட்டை. துபாயிலிருந்து வந்து இறங்கிய எந்த நாளிலும் அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

மைக்கில் கயலின் குரல் வந்தது.

"அன்பான... பயணிகளே."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஒரு மூச்சு இடைவெளி வேலை செய்தது. விருத்தாசலத்திலிருந்து விருத்தாசலத்துக்கு என்றதும் சிரிப்பு எழுந்தது. நாம் இப்போது மணிமுத்தாற்றின் மேலே பறக்கிறோம், கீழே தெரிவது கோயில் கோபுரம், கைக்கு எட்டினாலும் தொட வேண்டாம் என்றதும் கை தட்டினார்கள். என் வரிகள். நான் கை தட்டவில்லை. அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கைத்தட்டல் அவளோடு போனது.

அந்த நேரம் ஜங்ஷனிலிருந்து ரயில் கூவியது.

"முப்பதாயிரம் அடி ஒசரத்துல ரயிலு சத்தம் கேக்குதே" என்றான் உஸ்மான். "கயலு, இந்த வண்டி பெண்ணாடத்துல நிக்குமா?"

"நிக்காதுண்ணே. நீங்க மட்டும் குதிச்சு எறங்கிக்கலாம்" என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னாள், அத்தா கற்றுக் கொடுத்தது போலவே. அத்தா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஏன் இப்படி ஒரு பதில் வாயில் வருவதில்லை?

தட்டுகள் வந்தன. ஒரு தட்டில் நாலு பீங்கான் கிண்ணம். பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, பிர்னி. தட்டில் கிண்ணம் உட்கார ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி உண்டு. ஆனால் கிண்ணங்கள் குழியைவிடச் சின்னதாக இருந்தன. கயல் நடக்க நடக்க அவை குழிக்குள் ஆடிக் கலகலவென்று சத்தம் போட்டன.

"பழமல, இது பயணிக்கு செஞ்சதா, பயணியோட பொம்மைக்கு செஞ்சதா?" என்று முன் வரிசையிலிருந்த தச்சர் கலியமூர்த்தி திரும்பிக் கேட்டார்.

"என்ன ஏன் கேக்குற? படம் அனுப்புனவன் அதோ நாலு பட்ட போட்டுக்கிட்டு நிக்கிறான், அவனக் கேளு" என்றார் பழமலைநாதன் மாமா. "சூளையில போனா மண்ணு எட்டுல ஒரு பங்கு சுருங்கும். இந்த ஊர்ல கோழிக்குஞ்சுக்குக்கூட தெரியும். துபாய்லேருந்து படம் அனுப்புறவன் விருத்தாசலத்தான், சுருக்கத்துக்கும் சேத்துத்தான் வரைஞ்சிருப்பான்னு நெனச்சு, படத்து அளவுக்கே அச்சு எடுத்துட்டேன்."

"நான் என்னாத்த சேக்குறது?" என்றார் அத்தா. "கிண்ணத்த காயிதத்துல கவுத்து வெச்சு பென்சிலால சுத்திக் கோடு போட்டேன். நீ அச்சு எடுக்குறவன், நீதானே சேத்துக்கணும்."

"பதினாலு வருசம் மணலுக்குள்ள இருந்தா மண்ணு மறந்துபோவும்" என்று மாமா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் நானூறு கிண்ணம் அதே அளவில் கிடந்தது. சின்னக் கிண்ணம்தான் இனி கலீல் ஏர்வேஸின் அடையாளம் என்று அத்தா அறிவித்தார்.

காகிதத்தில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு. நானும் ஒரு தடவை அப்படித்தான் போட்டேன். ஒன்பதாம் வகுப்பில். கோடு போட்ட நோட்டுத் தாளில் வலது காலை ஊன்றி, அம்மா குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தாள். அது கடிதத்தோடு துபாய் போனது. பதினோரு மாதம் கழித்து அத்தா வந்தபோது பெட்டியில் முதலில் எடுத்தது அந்த ஷூதான். கறுப்பு, பளபளப்பு, பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் சின்ன வளையம். பதினோரு மாதத்தில் என் கால் வளர்ந்திருந்தது. "சரியா இருக்குதா?" என்று தரையில் உட்கார்ந்து கேட்டார். "ரொம்ப சரியா இருக்குதுத்தா" என்றேன். அவர் இருந்த நாற்பது நாளும் விரல்களை மடக்கிக்கொண்டு அதைப் போட்டு நடந்தேன். அவர் விமானம் ஏறிய அன்று கழற்றி பீரோவில் வைத்தேன். நான் படித்த கதைகளில் பெண்கள் பொய் சொல்லிவிட்டு இதைவிடப் பெரிய துன்பமெல்லாம் பட்டார்கள். அதனால் இது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. என்னிடம் அவர் கொடுத்தது என்று பிரத்யேகமாக இருந்தது அது ஒன்றுதான். காலில் நுழையாவிட்டாலும் என்னுடையது.

எதிர் வரிசைக்குத் தட்டு வைக்கக் கயல் முட்டியை மடக்கிக் குனிந்தாள். நீலச் சுடிதார், கழுத்தில் சுருக்குப் போட்ட துப்பட்டா. கீழே கறுப்பு ஷூ. பக்கவாட்டில் வெள்ளி வளையம்.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அம்மா, அது என்னோட ஷூவு."

"எதுடி?"

"கயலு கால்ல."

"ஆமா. அத்தாதான் கேட்டாங்க, புள்ள செருப்பு போட்டுக்கிட்டு நிக்குது, நல்லாவா இருக்கும்னு. அஞ்சு வருசமா பீரோவுல சும்மா கெடந்துச்சு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம் என்னா. தால்ச்சாவ ஊத்திக்க, ஆறுது."

நான் தட்டைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தேன். அத்தா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இத்தனை நாள் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். நான் அந்தக் கண்ணைப் பார்க்காமல், நடையில் போகிற வருகிற அந்த ஷூவையே பார்த்தேன். பிரியாணி எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவள் எவ்வளவு லாகவமாக நடந்தாள். யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் மேல் சிந்திய பச்சடியைத் துடைத்துவிட்டாள். செல்வநாயகி அத்தை "எம்பொண்ணா இது" என்று முணுமுணுத்தாள். அத்தா போகிற போக்கில் அவள் தலையில் கை வைத்து, "மாஷா அல்லாஹ்" என்றார். அந்த ஷூ அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. துபாய்க் கடையில் நின்று, என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தேடித் தேடி வாங்கியது கடைசியில் இவளுடைய கால் அளவைத்தானா?

சாப்பிட்டு முடிந்தது. கயல் தட்டுகளைத் திரும்ப எடுக்க வந்தாள். நாலு தட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இடது கையில் தாங்கியபடி, எனக்கு முதுகு காட்டி எதிர் வரிசைப் பக்கம் குனிந்தாள். அவளுடைய வலது ஷூ என் சீட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நடையில் நீட்டினேன். அளவு பார்க்கத்தான். ஷூவுக்குப் பக்கத்தில் என் கால் இருந்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. கட்டை விரல் அளவுக்கு என்னுடையது நீளம். பார்த்துவிட்டேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் நிமிர்ந்ததும் தெரிந்தது, திரும்பப் போகிறாள் என்பதும் தெரிந்தது. இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது.

கயல் என் காலில் இடறி முழங்காலடித்து விழுந்தாள். தட்டுகள் முன்னால் பறந்தன. பதினாறு கிண்ணமும் சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறின. ஒன்று மட்டும் உடையாமல் விமானி அறைக் கதவு வரை உருண்டு போய் நின்றது.

அத்தா அந்தக் கிண்ணத்தைத் தாண்டி ஓடி வந்தார்.

"புள்ளைக்கு என்னாச்சு? அசையாதம்மா, கண்ணாடி மாதிரி குத்தும். உஸ்மானு, தொடப்பத்த எடு. எங்கம்மா வலிக்குது?"

"ஒண்ணுமில்ல மாமா. எதோ தட்டுச்சு." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். பார்க்காமல் சொன்னதிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அத்தா மண்டியிட்டு அவளுடைய வலது ஷூவைக் கழற்றினார். பழமலைநாதன் மாமாவும் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். குதிகாலில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் சிவந்து ஈரமாக இருந்தது. சுண்டு விரல் கன்றிப் போயிருந்தது.

"இது இப்ப விழுந்ததுல வந்தது இல்லையே" என்றார் அத்தா.

"ஷூ கொஞ்சம் சின்னது மாமா."

"நேத்து போட்டுப் பாத்துட்டு சரியா இருக்குதுன்னியேம்மா."

"நீங்க அவ்வளவு ஆசையா கொண்டாந்து குடுத்தீங்க. எப்படி சொல்றது. இன்னைக்கு ஒரு நாளு ஓட்டிட்டு நாளைக்கு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பழமலைநாதன் மாமா, "இதுலயும் சுருக்கம் சேக்கலயாடா நீ?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அத்தா ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சாண் போட்டு அளந்தார். அளந்துவிட்டுத் திரும்பினார். நடையில் இன்னும் நீட்டியபடி இருந்த என் வெறும் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"சனா. ஒனக்கு இது அன்னைக்கு சரியாத்தானே இருந்துச்சு?"

"இல்லத்தா."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

அவர் ஷூவுக்குள் விரல் விட்டு உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், அங்கே ஏதோ மடிந்து கிடப்பது போல. எனக்கு அப்போதும் அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஐந்து வருஷமாக நான் சொல்ல முடியாததை இவள் இரண்டாம் நாளே சொல்லிவிட்டாளே என்றுதான் இருந்தது. அதையும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

"எந்திரிம்மா சனா. புள்ள ஒக்காரட்டும்" என்றார் அத்தா.

நான் எழுந்தேன். பழமலைநாதன் மாமா மகளைத் தூக்கி என் சீட்டில் உட்கார வைத்தார். அம்மா முந்தானையால் அவள் காலைத் துடைத்தாள். கயல் சாய்ந்து உட்கார்ந்து, அம்மாவின் தலைக்கு மேலே மேகத்தைப் பார்த்தாள். மூன்று வாரமாக அங்கே நடந்தவள், அந்தச் சீட்டில் இப்போதுதான் முதல் தடவையாக உட்காருகிறாள் போல. நான் நடையில் நின்றேன், அவள் நிற்க வேண்டிய இடத்தில்.

உஸ்மான் உடைசலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனான். கரண்டு வேலைக்காரர் வீட்டுக் குழந்தை, "எப்பம்மா எறங்கும்?" என்று கேட்டது. மற்ற யாரும் பெல்ட்டை அவிழ்க்கவில்லை. இறங்கும் அறிவிப்பு வந்ததும் விளக்கை மங்க வைத்துவிட்டுக் கதவைத் திறப்பது என்று ஏற்பாடு. அதுவரை எல்லாரும் காத்திருப்பார்கள்.

அத்தா திரைப் பக்கம் போனார். ஆணியில் தொங்கிய மைக்கை எடுத்தார். ஒரு கையில் அந்த ஷூ இன்னும் இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இல்லை. காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை, நான் எழுதிக் கொடுத்த அன்றே அவர் படித்திருந்தார். 'இறங்கும்போது உங்கள் பொருட்களை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்.' "பிரியாணி தின்னுட்டு போறவனுக்கு இது எதுக்கும்மா, சோகமா இருக்குதே" என்றார் அன்று. ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை.

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரை பாதி திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் 3B சீட்டில் கயலின் தலை தெரிந்தது. அவள் 'எதோ தட்டுச்சு' என்று சொன்னது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் என்னைக் காப்பாற்றியவளாகவும் அவள்தான் இருக்க வேண்டுமா? அதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"அத்தா, அவ தானா விழல. நான்தான் கால நீட்டுனேன். இழுத்துக்கிட்டிருக்கலாம், இழுத்துக்கல."

அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். இருபத்தேழு பேர் மூச்சு விடும் சத்தமும், சன்னலுக்குப் பின்னால் டியூப்லைட்டின் ரீங்காரமும் கேட்டன. மைக் அவருடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"அந்தக் காயிதத்த எங்கிட்ட குடுங்கத்தா. எறங்குறத நான் சொல்றேன்."